மூலைமட்டமும் கவராயமும்: ஃப்ரீமேசன் சின்னங்களின் கதை

அமெரிக்க ஒரு டாலர் நோட்டைத் திருப்பிப் பார்த்தால் இடது பக்கம் ஒரு பிரமிடு இருக்கும். அதன் உச்சி மட்டும் தனியாகப் பிரிந்து மேலே மிதக்கும், உள்ளே ஒரு கண். இணையத்தில் ஃப்ரீமேசன்களைப் பற்றி எதைப் படித்தாலும் பத்தாவது வரிக்குள் இந்தக் கண் வந்துவிடும். உலகத்தையே மறைவாக இருந்து ஆட்டிப் படைக்கும் ஒரு ரகசியக் கூட்டம், தன் கையெழுத்தை எல்லோருடைய பாக்கெட்டிலும் போட்டு வைத்திருக்கிறதாம். போதாததற்கு டான் பிரவுன் நாவல்கள் வேறு.

கேட்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தச் சின்னங்களின் நிஜக் கதை எகிப்திலும் தொடங்கவில்லை, சாத்தானிடமும் தொடங்கவில்லை. கூலிக் கணக்கில் தொடங்குகிறது.

மத்திய கால ஐரோப்பாவில் ஒரு பெரிய தேவாலயம் கட்டுவது தலைமுறைக் கணக்கில் இழுக்கும் வேலை. அங்கே கல் செதுக்கிய கொத்தர்கள் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு குறி இருந்தது. அம்பு, முக்கோணம், நட்சத்திரம் என்று நாலைந்து கோடுகளில் முடிந்துவிடும் குறி. பல இடங்களில் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருந்ததால், யார் எத்தனை கல் முடித்தார் என்று எண்ணுவதற்கு அது தேவைப்பட்டது. இன்று அந்தக் கற்களைப் படம் பிடித்து ‘மர்மக் குறியீடுகள்’ என்று போடுகிறவர்கள் பெரும்பாலும் காட்டுவது ஒரு பழைய சம்பளப் பட்டியலைத்தான். ‘லாட்ஜ்’ என்ற சொல்லும் அப்படியே. (நமக்கு லாட்ஜ் என்றால் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ரூம் போடும் இடம்!) அவர்களுக்கு அது கட்டுமான இடத்தில் கொத்தர்கள் வேலை செய்யவும் இளைப்பாறவும் போட்டிருந்த கொட்டகை.

ரகசியச் சொல்லுக்கும் காரணம் தொழில்தான். ஸ்காட்லாந்தில் அதை ‘மேசன் சொல்’ என்பார்கள். வேலை தேடி ஊர் ஊராகப் போகிறவரிடம் சர்டிபிகேட் எதுவும் கிடையாது. அவர் முறையாகத் தொழில் கற்றவரா, அரைகுறையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கற்றவருக்கு மட்டும் ஒரு சொல்லும் கை குலுக்கும் ஒரு முறையும் சொல்லிக் கொடுத்தார்கள். அரைகுறைகள் குறைந்த கூலிக்கு உள்ளே புகுந்துவிடாமலும் அது தடுத்தது. பொருளாதாரப் பாடத்தில் ‘நுழைவுத் தடை’ என்று படிப்பது இதைத்தான்.

அப்படியானால் மறைஞானம் எதுவுமே இல்லையா? ஒரு இழை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஸ்காட்லாந்து அரசரின் கட்டுமானப் பணிகளுக்குத் தலைவராக இருந்த வில்லியம் ஷா 1598லும் 1599லும் கொத்தர்களுக்கு விதிமுறைகள் எழுதினார். இரண்டாவதில் ஒரு வினோதமான கட்டளை. உறுப்பினர்களை ‘நினைவுக் கலை’யில் சோதிக்க வேண்டுமாம். மனதுக்குள் ஒரு கட்டிடத்தைக் கட்டி, அதன் தூண்களிலும் அறைகளிலும் ஒவ்வொரு உருவத்தை வைத்து, பிறகு அதில் நடந்தபடியே எல்லாவற்றையும் நினைவுக்குக் கொண்டுவருவது அந்தக் கலை. மறுமலர்ச்சிக் காலத்தில் ஜியோர்டானோ புருனோ போன்றவர்கள் அதில் மந்திரத்தன்மையைத் தேடினார்கள். கட்டிடத்தையே தொழிலாகக் கொண்டவர்களிடம் இப்படி ஒரு கலை போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்? கொட்டகையில் கிடந்த கருவிகளே நினைவுப் படங்களாக மாறத் தொடங்கின என்று ஊகிக்க இடமிருக்கிறது. வரலாற்றாசிரியர் டேவிட் ஸ்டீவன்சன் 1988ல் வெளியிட்ட நூலில் இதைத்தான் விரிவாக வாதிடுகிறார்.

அடுத்து, கல்லையே தொடாத கனவான்கள் உள்ளே வந்தார்கள். 1641ல் சேர்ந்த ராபர்ட் மோரே, தனக்கு மேசன் குறியாக ஐந்துமுனை நட்சத்திரத்தைத் தேர்ந்தெடுத்து, பிற்காலக் கடிதங்களில் கையெழுத்துப் பக்கத்தில் வரைந்துகொண்டே இருந்தார். அதன் ஒவ்வொரு முனைக்கும் ஒரு நற்பண்பை அர்த்தமாகச் சொன்னார். இதே மனிதர்தான் 1660ல் லண்டன் ராயல் சொசைட்டியைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1646ல் சேர்ந்த எலியாஸ் ஆஷ்மோல் ரசவாதத்திலும் ஜோதிடத்திலும் மூழ்கியவர். ஆக, கூலிக் கணக்குக்குப் போட்ட குறி அரை நூற்றாண்டுக்குள் தத்துவச் சின்னமாகிவிட்டது.

1717ல் லண்டனில் பெரிய லாட்ஜ் தொடங்கியது என்பது மரபாகச் சொல்லப்படும் கணக்கு (அது 1721 என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு). 1723ல் ஜேம்ஸ் ஆண்டர்சன் தொகுத்த சட்டப் புத்தகம் வெளிவந்தது. சின்னங்களுக்கு இன்று சொல்லப்படும் அர்த்தங்கள் அந்த நூற்றாண்டில்தான் நிலைபெற்றன. மூலைமட்டம் என்றால் நடத்தையில் நேர்மை. கவராயம் என்றால் ஆசைகளுக்கு ஒரு வட்டம் போட்டு அதற்குள் நிற்பது. தூக்குக்குண்டு நிமிர்ந்து வாழ்வதைக் குறிக்கும். 24 அங்குல அளவுகோல் ஒரு நாளின் 24 மணி நேரம், அதை வேலைக்கும் வழிபாட்டுக்கும் ஓய்வுக்கும் பிரித்துக்கொள்ள வேண்டும். செதுக்காத கல் பக்குவப்படாத மனிதன், செதுக்கிய கல் பக்குவப்பட்டவன். நடுவில் இருக்கும் ‘ஜி’ எழுத்துக்கு ஜியாமெட்ரி என்றும் சொல்வார்கள், காட் என்றும் சொல்வார்கள்.

இவ்வளவுதானா என்று ஏமாற்றமாக இருக்கிறதா? இவ்வளவுதான். பள்ளிக்கூட நீதிபோதனை வகுப்பில் சொல்ல வேண்டியதை ஏப்ரன் கட்டிக்கொண்டு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சொன்னார்கள். அதிலும் வேடிக்கை என்னவென்றால், 1730லேயே சாமுவேல் பிரிச்சர்ட் என்பவர் சடங்குகள், கேள்வி பதில்கள் எல்லாவற்றையும் அச்சடித்து விற்றுவிட்டார். சாலமோன் கோயிலைக் கட்டிய ஹிராம், ரகசியச் சொல்லைத் தர மறுத்ததற்காகக் கொல்லப்பட்ட கதை முதன்முதலாக அச்சில் விரிவாக வருவதும் அந்தப் புத்தகத்தில்தான். உடனுக்குடன் பல பதிப்புகள் போயின. கிட்டத்தட்ட 300 வருடங்களாகக் கடையில் கிடைக்கும் ரகசியம் இது.

பிறகு எகிப்தும் டெம்ப்ளர் வீரர்களும் எங்கிருந்து வந்தார்கள்? கொத்தனார் கொட்டகையிலிருந்து வந்தோம் என்று சொல்லிக்கொள்ள பிரெஞ்சுப் பிரபுக்களுக்கு மனம் வருமா? 1730களில் பாரிஸில் செவாலியே ராம்சே என்பவர், இந்த அமைப்பின் வேர் சிலுவைப்போர் வீரர்களிடம் இருக்கிறது என்று ஒரு உரை தயாரித்தார். பின்னால் வந்தவர்கள் 1312ல் போப்பாண்டவரால் கலைக்கப்பட்ட டெம்ப்ளர் அமைப்போடு முடிச்சுப் போட்டார்கள். எகிப்துக்கு விதை போட்டது ஆபே டெராசோன் 1731ல் எழுதிய ‘செதோஸ்’ என்ற நாவல். அதே மோகத்தில்தான் காலியோஸ்ட்ரோ ‘எகிப்திய முறை’ என்று தனிக்கடை திறந்தார். மோசார்ட்டின் ‘மேஜிக் ஃப்ளூட்’ 1791ல் அரங்கேறியது. எகிப்திய எழுத்தை ஷாம்போலியோன் படித்துக் காட்டியதோ 1822ல்! அதாவது எகிப்தின் ஆதி ரகசியங்களை அறிந்தவர்கள் என்று சொல்லிக்கொண்ட காலத்தில், அந்த எழுத்தில் ஒரு வரி படிக்கத் தெரிந்தவர் ஐரோப்பாவில் ஒருவர்கூட இல்லை. ஒவ்வொரு புதுக்கதைக்கும் புதுப் படிநிலைகள், ஒவ்வொரு படிக்கும் கட்டணம். வியாபாரம் என்று பார்த்தால் நல்ல வியாபாரம்.

டாலர் கண்ணுக்குத் திரும்பலாம். முக்கோணத்துக்குள் கண் என்பது கிறிஸ்தவ ஓவியங்களில் கடவுளின் பார்வையைக் குறிக்கப் பழகிப்போன ஒன்று. அமெரிக்க அரச முத்திரைக்காக 1776ல் அமைத்த முதல் குழுவில் ஃபிராங்க்ளின், ஆடம்ஸ், ஜெஃபர்சன் மூவரும் இருந்தார்கள். அவர்களில் மேசன் ஃபிராங்க்ளின் மட்டும். கண்ணை முன்மொழிந்தவர் அவர் அல்ல, குழுவுக்கு உதவிய ஓவியர் து சிமிதியேர். முடிவடையாத பிரமிடு பிரான்சிஸ் ஹாப்கின்சன் 1778ல் 50 டாலர் நோட்டுக்குப் போட்ட வடிவம். முத்திரை 1782ல் நிறைவேறியது. தாமஸ் ஸ்மித் வெப் எழுதிய கையேடு இந்தக் கண்ணை மேசன் சின்னமாக விளக்கிப் பரப்பியது 1797ல். அடியில் உள்ள ரோமன் எண் 1776 சுதந்திரப் பிரகடன ஆண்டு. அதே ஆண்டு பவேரியாவில் இல்லுமினாட்டி தொடங்கியது தற்செயல். அவர்களுடைய சின்னம் கண் அல்ல, ஆந்தை. ஆனால் 1935ல் இந்த முத்திரையை டாலரில் ஏற்றிய அதிபர் ரூஸ்வெல்ட்டும், அந்த யோசனை சொன்ன ஹென்றி வாலஸும் மேசன்கள். சதிக்கதைக்காரர்களுக்குக் கையில் கிடைக்கும் நல்ல துருப்பு அது ஒன்றுதான்.

மறைபொருளைத் தேடுவதைவிட வெளிப்பொருளைச் சோதிப்பது சுவாரஸ்யமானது. மட்டம் பார்க்கும் கருவி சமத்துவத்தின் சின்னம், எல்லோரும் ஒரே மட்டம். ஆனால் 1723 சட்டப் புத்தகமே அடிமைகளுக்கும் பெண்களுக்கும் இடமில்லை என்றது. பாஸ்டனில் பிரின்ஸ் ஹால் என்ற கறுப்பினத்தவர் 1775ல் பிரிட்டிஷ் ராணுவ லாட்ஜ் ஒன்றின் வழியாகத்தான் சேர முடிந்தது. உள்ளூர் வெள்ளையர்கள் ஏற்காததால் லண்டனிலிருந்து தனி அனுமதிப் பத்திரம் வாங்கினார்கள். இந்தியாவிலும் இதே கதை. ஆற்காட்டு நவாபின் மூத்த மகன் உம்தத்-உல்-உமராவுக்குத் திருச்சியில் 1770களிலேயே கதவு திறந்தது. கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத் பல வருடங்கள் போராடி 1872ல்தான் நுழைந்தார். கருவி சரியாகத்தான் இருந்தது, பிடித்த கைதான் சாய்ந்திருந்தது.

இந்த ரகசிய நாடகத்துக்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. 1826ல் நியூயார்க் மாநிலத்தில் வில்லியம் மார்கன் என்பவர் சடங்குகளை வெளியிடப் போவதாகச் சொல்லிக் கடத்தப்பட்டார், திரும்பவே இல்லை. அந்தக் கோபத்தில் ஒரு கட்சியே பிறந்து, 1832 அதிபர் தேர்தலில் வெர்மான்ட் மாநிலத்தை வென்றது. அது நியாயமான கோபம். 1885 முதல் பிரான்சில் லியோ டாக்சில் அவிழ்த்துவிட்டது அப்படியல்ல. மேசன்கள் சாத்தானை வழிபடுகிறார்கள் என்று புத்தகம் புத்தகமாக எழுதினார். 1897 ஏப்ரல் 19 அன்று பாரிஸில் கூட்டம் கூட்டி, எல்லாம் தன் கற்பனை என்று அவரே சிரித்துக்கொண்டு அறிவித்தார். கற்பனை என்ற செய்தி மறந்துபோனது, சாத்தான் மட்டும் தங்கிவிட்டது. 1903ல் ரஷ்யாவில் வெளிவந்த ‘சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்’ என்ற போலி ஆவணம் யூதர்களையும் மேசன்களையும் ஒரே சதியில் கட்டிப்போட்டது. ஹிட்லரின் ஜெர்மனியில் 1935ல் லாட்ஜுகள் மூடப்பட்டன. பிரான்சில் விஷி அரசு 1940 ஆகஸ்டில் தடை போட்டு, அடுத்த வருடம் முதல் உறுப்பினர் பெயர்களை அரசிதழில் அச்சிட்டது. பலருக்கு அரசு வேலை போனது.

ஸ்பெயினில் பிராங்கோ 1940 மார்ச் 1 அன்று இதற்கென்றே தனிச் சட்டமும் நீதிமன்றமும் கொண்டுவந்தார். உறுப்பினராக இருந்ததே குற்றம், 12 வருடத்துக்கு மேல் சிறை. ஏறக்குறைய கால் நூற்றாண்டு அந்த நீதிமன்றம் நடந்தது. லாட்ஜுகளிலிருந்து பறித்த பொருட்களையும் காகிதங்களையும் சலமான்கா நகரில் குவித்தார்கள். அங்கேயே ஒரு போலி லாட்ஜ் அறையையும் அமைத்தார்கள். கறுப்பு முகமூடி போட்ட பொம்மைகள், மண்டை ஓடு, ஏப்ரன், மூலைமட்டம், கவராயம்... பார்க்கிறவர்கள் பயப்பட வேண்டும் என்பதற்காகவே அடுக்கியது. அந்த அறை இப்போது ஆவணக் காப்பக அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி. அதே ஆவணக் காப்பகத்தில்தான் தண்டிக்கப்பட்டவர்களின் கோப்புகளும் இருக்கின்றன.