மீன் கண்டவன்

சாந்தோம் மணலில் நின்று தெற்கு நோக்குகிறேன். மார்கழி, தை முன்னிரவுகளில் அத்திசையில் ஒரு விண்மீன் எழும். அடிவானிலிருந்து 14 பாகைக்கு மேல் அது ஏறுவதில்லை. ஏறத்தாழ ஒன்பது திங்களுக்கு ஒருமுறை ஒளி பெருகும். பின் சிறு தொலைநோக்கிக்கும் எட்டாதபடி மங்கும். 1867-ல் அதன் ஒளி மாறுவதை முதலில் அறிந்தவன் நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தின் உதவியாளன், சிந்தாமணி ரகுநாதாசாரி. தவறாமல் வருகிறது மீன். கண்டவன் வரவில்லை.

நுங்கம்பாக்கத்துக் கருங்கல் தூணே! 1792-ல் உன்னை நட்டவர்கள், உன் உடலில் தமிழும் தெலுங்கும் இலத்தீனும் பொறித்தார்கள். மீன்கள் நடுவானைக் கடக்கும் கணத்தை அளக்கும் சிறு கருவியை உன் தலையில் ஏற்றினார்கள். பத்து டன் கல்லானதால் நீ அசையவில்லை; நீ அசையாததால் கணக்கும் பிழைக்கவில்லை. வானியலாளர் டெய்லர் 11,000க்கும் மேற்பட்ட மீன்களுக்கு இடம் குறித்தது உன் முற்றத்தில். லாம்ப்டன் நிலம் அளந்து போனபோது தீர்க்கரேகை எண்ணியதும் உன் முற்றத்திலிருந்தே. இன்று அங்கே மழையும் காற்றும் அளக்கிறார்கள். புயல் வரும் நாளில் ஊரே நுங்கம்பாக்கத்தின் சொல்லுக்குச் செவி கொடுக்கிறது. மீனைப் பற்றி உன்னிடம் கேட்பார் யார்?

ஆய்வகத்தின் வேறொரு கருவிக்கு மறுபிறவி வாய்த்தது. 1850-ல் வந்த லெரெபூர்–செக்ரெத்தான் ஆறங்குலத் தொலைநோக்கி, 1898-ல் க்ரப்பின் கைவினையால் புத்துருப் பெற்றுக் கோடைக்கானல் மலையேறிற்று. இரவில் மீன் பார்த்த வில்லை பகலில் ஞாயிற்றைப் பார்க்கத் தொடங்கி, அதன் கறைகளைத் தலைமுறை தலைமுறையாகப் படமாக்கிற்று. இதற்கு மகிழ்கிறேன். தேய்ந்த பல்சக்கரத்தை மாற்றலாம்; தளர்ந்த அச்சை இறுக்கலாம்; வில்லையில் படர்ந்த பூஞ்சையைத் துடைக்கலாம். அவிந்த கண்ணுக்கு ஒளியேற்றும் கம்மியன் எவன் உளன்?

ரகுநாதாசாரி வெறும் உதவியாளனாய் வாழ்ந்து முடித்தவன் அல்லன். 1868-ல் முழு ஞாயிறு மறைவைக் காண வனபர்த்திக்குச் சென்றான். 1872-ல் இங்கிலாந்தின் அரச வானியல் கழகம் அவனை உறுப்பினனாக ஏற்றது. 1874-ல் வெள்ளி ஞாயிற்றின் முகத்தைக் கடக்கவிருந்தபோது, அது என்ன, ஏன் என்று நம் நாட்டு மொழிகளில் மக்களுக்கு எடுத்துரைத்தான். ஏட்டுக் கணக்கும் வானமும் ஒவ்வாவிடில் வானத்தின் பக்கமே நிற்க வேண்டும் என்று பஞ்சாங்கம் திருத்தினான். சான்றோர் பலரின் சினத்தையும் தாங்கினான். இவை எல்லாவற்றிலும் நான் பெரிதாகப் போற்றுவது இப்பஞ்சாங்கத் திருத்தத்தையே. மயிலைக் கடைகளில் அவ்வழி நிற்கும் திருக்கணிதப் பஞ்சாங்கம் வாங்கி நாள் பார்க்கும் எத்தனை இல்லங்களில் அவன் பெயர் தெரியும்? 1880-ல் அவன் மறைந்தான். 1899-க்குள் வானாய்வும் மலைக்குப் போயிற்று. கடற்கரை விளக்குகள் பெருகி, மங்கிய மீன்களை எம்மிடமிருந்து பறித்துக்கொண்டன.

தூணே, உன்மேல் எழுத்துப் பொறித்த நாளில் அவன் பிறந்திருக்கவில்லை. ஆகவே உன்னைக் குறை சொல்லேன். வீரனுக்குக் கல் நட்ட நாடு இது. உன் அருகே ஒரு கல் நடுக. ரகுநாதாசாரி என்ற பெயரையும், 1867 என்ற ஆண்டையும், தெற்கே எவ்வளவு தாழ்வில் அவனது மீனைத் தேட வேண்டும் என்பதையும் அதில் தமிழில் பொறிக்க.