கென்னட் சந்தில் இரண்டு இரவுகள்

பிள்ளையைப் பட்டணத்துக்கு அனுப்பினால் பணம் நீராய்க் கரையும் என அஞ்சும் பெற்றோர் நம்மிடையே பலர். அவ்வச்சம் பொய்யன்று. ஆயினும், பிறர் சொல்லக் கேட்டு அஞ்சுவது வேறு. எதற்கு எவ்வளவு ஆகிறது என்று நேரில் நின்று அறிவது வேறு. 2023-ஆம் ஆண்டு சூன் மாதத் தொடக்கத்தில் ஓர் இளைஞனோடு சென்னைக்குப் புறப்பட்ட நான், இதை அவனுக்குக் கற்பிக்கவே செல்வதாக எண்ணியிருந்தேன்.

அவன் குமரிக் கடற்கரையின் பிள்ளை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அவன் தந்தையைக் கொண்டுபோனபோது அவனுக்கு வயது பன்னிரண்டு. தாயார் மீன் விற்றுப் பன்னிரண்டாம் வகுப்புவரை படிக்கவைத்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் சேர்க்கைக் கலந்தாய்வுக்கு அழைப்பு வந்திருந்தது. தாய்மாமனோ, "விசைப்படகில் ஏறட்டும், அடுத்த மாதமே வீட்டுக்குக் காசு வரும்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அரசுக் கல்லூரியில் கட்டணம் பெரிதன்று. சோறும் படுக்கையுமே செலவு. பையன் இருபுறமும் பேசவில்லை. ஒரு சிறு குறிப்பேட்டை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரயில் ஏறினான்.

குருக்கள் தங்குவதற்குச் சென்னையில் இடங்கள் உண்டு. ஆனால் அங்குத் தங்கினால் அவனுக்கு என்ன தெரியவரும்? ஆகவே எழும்பூர் நிலையத்துக்கு எதிரே, கென்னட் சந்தில், கட்டில் ஒன்றுக்கு நாளைக்கு 200 ரூபாய் வாங்கும் ஒரு விடுதியைத் தேடிப் பிடித்தோம். பொது அறையில் எட்டுக் கட்டில்கள், இரண்டு மின்விசிறிகள், சுவரோரம் இரும்புப் பெட்டிகள். பூட்டு நாம்தான் கொண்டுவர வேண்டுமாம். எனக்குத் தெரியவில்லை, அவன் கொண்டுவந்திருந்தான்.

எங்களுடன் மருந்து விற்பனைப் பிரதிநிதி ஒருவரும், போட்டித் தேர்வு எழுத வந்த இருவரும், விழுப்புரத்துப் பெரியவர் ஒருவரும் இருந்தனர். 1819-இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் அவர் மனைவிக்கு அறுவை நடந்திருந்தது. பகலெல்லாம் அங்கே இருந்துவிட்டு, இரவில் முதுகைச் சாய்க்க மட்டும் வருவார். எந்தக் குழாயில் எந்நேரம் தண்ணீர் வரும், எந்த மெஸ்ஸில் இரண்டாம் முறை சோறு கேட்டால் முகம் சுளிக்கமாட்டார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. பையன் கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். செமினரியில் எங்கள் பேராசிரியர்களுக்கு இப்படியொரு மாணவன் வாய்த்ததில்லை.

காலையில் அம்மா உணவகம். இட்லி ஒரு ரூபாய். பகலில் சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். வறியோருக்கென நடக்கும் உணவகத்தில், மாதப்படி வாங்கும் நான் உண்பது தகுமா என்று வரிசையில் நின்றபடியே தயங்கினேன். "நகருங்க சாமி, பின்னாலே ஆள் நிக்குது" என்றான் அவன். நகர்ந்தேன். அந்தக் கேள்வி இன்னும் என்னிடம் தீரவில்லை.

முதல் நாள் பாந்தியன் சாலைக்கு நடந்தே போனோம். 1851-இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகத்தின் வெண்கலத் திருமேனிகளையும் அமராவதிச் சிற்பங்களையும் அவனுக்கு விளக்க நான் ஆயத்தமாக இருந்தேன். அவனோ திமிங்கலத்தின் எலும்புக்கூட்டருகே நின்றுவிட்டான். நெடுநேரம் கழித்து, "அப்பா ஒரு தடவை ஆழ்கடல்லே இதைப் பார்த்ததாச் சொன்னாங்க. நான் நம்பலே" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. நானும் சிற்பங்களைப் பற்றிப் பேசவில்லை. அதே வளாகத்தில் 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம் இருக்கிறது. இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியையும் சட்டப்படி பெறும் நான்கு நூலகங்களுள் இதுவும் ஒன்று. அமர்ந்து படிக்கக் காசில்லை என்றறிந்ததும் குறிப்பேடு மறுபடி வெளியே வந்தது.

மாலையில் பூங்கா நிலையத்தில் இறங்கி, பறக்கும் இரயிலுக்கு மாறிக் கலங்கரை விளக்கம் நிலையம் சென்றோம். கடற்கரையில் நடந்து களைத்த நான், திரும்புகையில் அவன் சொல்லச் சொல்லக் கேளாமல் ஆட்டோவில் ஏறினேன். 250 ரூபாய்! சிக்கனம் போதிக்க வந்தவனின் இலட்சணம் இது. வழியெல்லாம் அவன் வாய் திறக்கவில்லை.

மறுநாள் கோட்டையையும் ஆர்மேனியன் தெருவையும் விரைவாகப் பார்த்துவிட்டு, அவன் விருப்பப்படி நொச்சிக்குப்பம் போனோம். கரையில் வலை சீர்படுத்திக் கொண்டிருந்தவர்களிடம் அவனாகவே போய்ப் பேசினான். கண்ணியின் அளவு, டீசல் விலை, காற்றின் போக்கு என்று பேச்சு வளர்ந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் சாலையோர மீன்கடைகள் அகற்றப்பட்டதை ஒரு மூதாட்டி குரல் நடுங்கச் சொன்னார். பிறகு இவனை ஏற இறங்கப் பார்த்து, "உங்க அப்பா எந்தப் படகுப்பா?" என்று கேட்டார். ஆறாண்டுகளாக என்னிடம் ஒருமுறைகூடச் சொல்லாததையெல்லாம் அவன் அவரிடம் சொன்னான். நான் சற்று விலகிப் போய் அலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கிருந்து கிளம்பியபோது, ஞாயிறுதோறும் வந்து மீன் வகை பிரித்துக் கொடுத்தால் கூலி தருவார்களாம் என்று தகவல் சொன்னான். அதையும் அவனே கேட்டிருக்கிறான்.

புதன்கிழமை கலந்தாய்வு. 1840-இல் தோன்றிய கல்லூரி அது, சர் சி. வி. இராமன் படித்த இடம் என்று வாயிலில் சொல்லிவைத்தேன். தெரியும் என்று தலையசைத்தான். இயற்பியலில் இடம் கிடைத்தது. கையெழுத்திடும் முன் ஒருமுறை வெளியே வந்து தாயாரோடு தொலைபேசியில் பேசினான்; பின் உள்ளே சென்று கையெழுத்திட்டான். மாமனிடம் இனிமேல்தான் பேச வேண்டும். அது என் பொறுப்பு என்றேன். "இல்லே சாமி, நானே பேசுறேன்" என்றான்.

இரவு இரயிலில் குறிப்பேட்டை என்னிடம் நீட்டினான். இருவருக்கும் இரண்டு இரவுப் படுக்கை, உணவு, பயணம், நுழைவுச்சீட்டு, சான்றிதழ் நகல்கள் எல்லாம் சேர்த்து 1,294 ரூபாய் என்று கூட்டிக் கோடு கிழித்திருந்தான். கோட்டுக்குக் கீழே தனியாக ஒரு வரி: "ஆட்டோ 250 – சாமி கணக்கு."