கேள்விக்குறிகளுக்கு நடுவே 1976

மட்டாஞ்சேரியில் ஜூன் என்பது சுவரில் ஈரம் ஏறும் மாதம். செருப்பில் பூஞ்சணம் பூக்கும். கேசட்டில் பூக்கும். அலமாரிக்குள் மடித்து வைத்த பட்டுப்புடவையைக் கூட விடாது. 2009 ஜூனில் என் வீட்டில் பூஞ்சணம் பிடித்தது எழுத்துக்கு.

காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தேன். மூன்று வருஷமாக எழுதிவந்த என் வலைப்பதிவில் ஒரு வரி தமிழ் இல்லை. ஒவ்வொரு எழுத்தின் இடத்திலும் தலையில் கோடு போட்ட ஓர் ஆங்கில 'ஏ'. அதன் பக்கத்தில், பெரும்பாலும், வட்டத்துக்குள் 'ஆர்'. சோப்புப் பெட்டியிலும் பற்பசையிலும் பதிவு செய்த வணிகச் சின்னம் என்பதற்குப் போடுவார்களே, அதே முத்திரை. யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று நான் வெளியிட்ட மொழிபெயர்ப்புகளின் மேல் ஒரே இரவில் யாரோ ஆயிரக்கணக்கில் முத்திரை குத்திவிட்டுப் போனது போல இருந்தது.

நான் தமிழ் எம்.ஏ. மலையாளத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதும் பத்திரிகைக்கு எழுதுவதும் பிழைப்பு. 2003இல் தமிழில் வலைப்பதிவுகள் முளைக்கத் தொடங்கின. 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் அவற்றை ஓரிடத்தில் திரட்டிக் காட்டியது. பத்திரிகையில் இடமில்லை என்று திரும்பி வந்தவற்றைப் போட எனக்கும் ஓர் இடம் வேண்டியிருந்தது. 2006இல் ஒரு முகவரியை வாங்கி, ஒரு சிறு கம்பெனியிடம் சர்வரில் கொஞ்சம் இடம் வாடகைக்குப் பிடித்து, வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளை நிறுவிக்கொண்டேன். மென்பொருளுக்குக் காசு இல்லை. அதன் மூல நிரல் யார் பார்வைக்கும் திறந்தே கிடந்தது.

காசில்லாமல் வருவதை நம்பாத குடும்பம் எங்களுடையது. எனவே அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். மிஷேல் வால்ட்ரிகி என்பவர் 'பி2' என்றொரு மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் ஆளையே காணவில்லை. அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்த மேட் மல்லன்வெக் என்ற அமெரிக்க மாணவரும் இங்கிலாந்தைச் சேர்ந்த மைக் லிட்டிலும், அந்த நிரலை எடுத்து மேற்கொண்டு எழுதி 2003 மே மாதம் 27ஆம் தேதி வேர்ட்பிரஸ் என்று வெளியிட்டார்கள். மல்லன்வெக்குக்கு அப்போது 19 வயது. பழைய நிரல் ஜி.பி.எல். என்ற உரிமத்தில் இருந்ததால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், கொடுக்கலாம். ஆனால் வாங்கியவனுக்கும் அதே உரிமையைக் கொடுக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. இன்று உலக இணையதளங்களில் பத்துக்கு நான்குக்கு மேல் இதில்தான் ஓடுகின்றன. எழுதியவர் விலகினாலும் எழுதியது நிற்கும் என்ற ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. அதில் என் பங்குக்கும் வேலை உண்டு என்பதை மட்டும் நான் கவனிக்கவில்லை.

சொந்தமாக வலைப்பதிவு நடத்துவது சொந்த வீட்டில் குடியிருப்பது போல. ஓடு பெயர்ந்தால் நாம்தான் ஏற வேண்டும். புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் மாற்ற வேண்டும். மாற்றினால் கூடவே ஒட்டியிருக்கும் சில்லறை மென்பொருள்களில் ஒன்று மல்லுக்கு நிற்கும். தமிழில் எழுதுகிறவர்களுக்குத் தனியாகச் சில தொல்லைகள். தலைப்பைத் தமிழில் வைத்தால் அதுவே பதிவின் முகவரியாகிறது. முகவரிக்கு 200 எழுத்து இடம் இருக்கிறது. ஆனால் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் அங்கே ஒன்பது எழுத்தாக விரிந்துவிடும். 22 குறிகளுக்கு மேல் தாங்காது. என் நீளமான தலைப்புகள் எல்லாம் கழுத்தளவில் வெட்டுப்பட்டு நின்றன.

அந்த ஜூன் மாதம் வெட்டுப்பட்டது தலைப்பு மட்டுமல்ல. கம்பெனி சர்வரை மாற்றியிருந்தது. முன்னறிவிப்பு கிடையாது. போன் செய்தால், "எங்க பக்கத்துல எல்லாம் சரியாத்தான் இருக்கு மேடம்" என்றார்கள்.

களமசேரியில் இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பையன் வந்தான். கேரளப் பள்ளிகளில் லினக்ஸ் நுழைந்த காலத்தில் படித்தவன். ரிச்சர்டு ஸ்டால்மன் திருவனந்தபுரத்துக்கு வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்தது 2001இல். அந்தக் காற்று இவனைப் போன்றவர்கள் மேலும் அடித்திருந்தது. அரை மணி நேரம் பார்த்துவிட்டுச் சொன்னான்: "சேச்சி, அக்ஷரம் எவிடேயும் போயிட்டில்ல. சாக்கின்டெ புறத்தெ பேரு மாறிப்போயதாணு."

எழுத்து எங்கும் போகவில்லை, சாக்கின் மேல் எழுதிய பெயர்தான் மாறிவிட்டது. மிளகுக் கிடங்குகளுக்கு நடுவே வளர்ந்தவனுக்கு அந்த உவமை தானாக வந்திருக்கும். ஒவ்வொரு தமிழ்க் குறியையும் கம்ப்யூட்டர் மூன்று துண்டுகளாக வைத்திருக்கிறது. என் பதிவுகள் கிடந்த தரவுத்தளம் ஸ்வீடனில் பிறந்தது. மொழி எதுவென்று நாம் சொல்லாவிட்டால் அந்நாளில் அது மேற்கு ஐரோப்பிய எழுத்து என்றே குறித்துக்கொள்ளும். வரிசைப்படுத்த ஸ்வீடிஷ் அகரவரிசை. மூன்று வருஷமும் தமிழ் அந்தத் தப்பான பெயரில்தான் உள்ளே போய், அதே தப்பான பெயரில் வெளியே வந்திருக்கிறது. போகும்போதும் வரும்போதும் ஒரே தப்பு என்பதால் எனக்குத் தெரியவில்லை. புது சர்வர் பெயரை நம்பியது. துண்டு ஒவ்வொன்றையும் தனி ஐரோப்பிய எழுத்தாகக் காட்டிவிட்டது. பையன் முதலில் பெயரைக் கிழித்தான். 'இது வெறும் பைட்டுகள், எந்த மொழியும் இல்லை' என்று மாற்றினான். பிறகு 'யூனிகோடு' என்று புதுச் சீட்டு ஒட்டினான். மாலைக்குள் தமிழ் திரும்பிவிட்டது.

எல்லாம் அல்ல. கம்பெனி எடுத்து வைத்திருந்த நகல் நான்கு மாதம் பழையது. மார்ச், ஏப்ரல், மே மாதப் பதிவுகள் அதில் இல்லை.

அந்த மூன்று மாதமும் நான் எழுதியது ஒரே ஒருவரைப் பற்றித்தான். ஃபோர்ட் கொச்சி வெளியில் தோபி கானா இருக்கிறது. அங்கே துவைப்பவர்கள் தமிழ் வண்ணார்கள்; டச்சுக்காரர்கள் தங்கள் சிப்பாய்களின் உடுப்பைத் துவைக்க இவர்களின் முன்னோரைக் கொண்டுவந்தார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. இன்றும் வீட்டில் தமிழ்தான். எழுத்து மலையாளம். துணி காயப்போடும் கொடியை இரட்டைக் கயிறாக முறுக்கிக் கட்டியிருப்பார்கள். முறுக்குக்கு நடுவே துணியின் முனையைச் செருகினால் போதும், கடற்காற்றுக்கும் பறக்காது. அங்கே ஒரு பெரியவர் வாரம் ஒரு மதியம் என்னிடம் பேசினார். அவர் பேச்சை ஏழு பகுதியாக எழுதினேன். ஒரே கேசட்டைத்தான் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினேன். எழுதியானதும் பழைய பேச்சின் மேலேயே புதிய பேச்சு.

ஜூன் முதல் வாரத்தில் பெரியவர் இறந்துவிட்டார். என் பதிவு குப்பையான மறுநாள் அவர் மகள் வந்தாள். "அக்கா, அப்பா சொன்னத எழுதினீங்களே, அத ஒரு தாள்ல எடுத்துக் குடுங்க. பதினாறாம் நாளு வர்றவங்களுக்கு வாசிச்சுக் காட்டணும்."

"தர்றேன்" என்று சொல்லி அனுப்பினேன். கலக்கம் இருக்கவில்லை. அந்த ஏழு பகுதிகளை மட்டும் என் கம்ப்யூட்டரிலும் நோட்பேடில் ஒட்டி வைத்திருந்தேன். திறந்தேன். முதல் பக்கம் முழுதும் கேள்விக்குறி. இரண்டாம் பக்கமும். ஏழு கோப்பிலும் அதேதான்.

சேமிக்கும்போது நோட்பேடு ஒரு வார்த்தை கேட்டிருந்தது. இந்தக் கோப்பில் இருக்கும் சில எழுத்துகள் இந்த வடிவத்தில் சேமித்தால் அழிந்துபோகும், பரவாயில்லையா என்று. படிக்காமல் 'ஓகே' அழுத்தியிருக்கிறேன். ஏழு முறை.

பையன் தலையை ஆட்டினான். விசித்திர எழுத்து வந்தால் பயப்பட வேண்டாம், உள்ளே சரக்கு இருக்கிறது. கேள்விக்குறி வந்தால் சாக்கு காலி. இந்த வித்தியாசத்தைத் தமிழில் வலைப்பதிவு நடத்தும் எவரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஓடை வழியாகப் படிக்கும் வாசகர்களிடம் முழுப் பதிவும் போய்ச் சேர்ந்திருக்கலாம். ஆனால் அந்த வழியில் முதல் 55 சொல் மட்டும் போகும்படி நான் அமைத்து வைத்திருந்தேன். மீதியைப் படிக்க என் வாசலுக்கு வரட்டும் என்ற எண்ணம். திறந்த மென்பொருளில் உட்கார்ந்துகொண்டு கதவைச் சாத்தியது நான்தான்.

கொச்சிக்கு வந்து குடியேறிய புதிதில், தமிழ் அச்சைப் பற்றி எம்.ஏ. வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்து பெருமைப்பட்டிருக்கிறேன். தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகமான 'தம்பிரான் வணக்கம்' 1578 அக்டோபர் 20ஆம் தேதி கொல்லத்தில் வெளிவந்தது. மறு வருஷம் 'கிரிசித்தியானி வணக்கம்' இதே கொச்சியில். ஹென்றிக் ஹென்றிக்ஸ் பாதிரியாரின் வேலை. கொல்லத்தில் அச்சான புத்தகத்தைப் பார்க்க இன்று கொல்லம் போய்ப் பயனில்லை. பிரதி அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அந்த நாளில் இதை மீண்டும் நினைத்தபோது பெருமை வரவில்லை, யோசனை வந்தது. எங்கோ தூரத்தில், நமக்குத் தெரியாத ஒருவர் கையில் ஒரு பிரதி.

பதிவில் ஒரு வேண்டுகோள் எழுதினேன். இரண்டாம் நாள் டொரன்டோவிலிருந்து ஒரு மின்னஞ்சல். இலங்கைத் தமிழர். கம்ப்யூட்டர் தெரியாத தன் அம்மாவுக்காக வாரா வாரம் அச்செடுத்துக் கொடுத்திருக்கிறார். ஐந்து பகுதிகள் அம்மாவின் தலையணைக்கு அடியில் இருந்தன. அவற்றை ஸ்கேன் செய்து அனுப்பினார். ஓரத்தில் தேநீர்க் கறை. பதினாறாம் நாள் அந்த ஐந்தையும் மகள் சொல்லச் சொல்ல ஒரு பையன் மலையாள எழுத்தில் எழுதிக்கொண்டு உரக்க வாசித்தான்.

ஆறும் ஏழும் மட்டும் பாக்கி.

கேள்விக்குறிப் பக்கங்களை நான் அழிக்கவில்லை. ஒரு நாள் உற்றுப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. தமிழ்தான் போயிருந்தது. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளி போகவில்லை. காற்புள்ளி போகவில்லை. எண்கள் போகவில்லை. கேள்விக்குறிகளுக்கு நடுவே '1976' என்று ஒரு வருஷம் மட்டும் தனியாக நின்றது. இன்றைய தோபி கானாக் கட்டடம் கட்டப்பட்ட வருஷம்.

அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு மகளிடம் போனேன். அவள் இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டாள், நான் எண்ணினேன். 'அப்பா' நமக்கு மூன்றெழுத்து. கம்ப்யூட்டருக்கு ஐந்து குறி. 'குளம்' என்பதும் ஐந்து. 1976க்கு முன்னால் ஐந்து கேள்விக்குறி. அப்பாவா, குளமா? "குளந்தான் அக்கா. கட்டடம் வர்றதுக்கு முன்னாடி குளத்துலதான் வெளுத்தாங்கன்னு அப்பா எப்பவும் சொல்லும்." இப்படியே ஆறாம் பகுதி நான்கு மாதத்தில் எழுந்து வந்தது. ஏழாம் பகுதியில் பாதி வரவில்லை. வராத சொற்களைக் கேள்விக்குறியாகவே விட்டு, நினைவிலிருந்து எழுதியது எது என்றும் குறித்து வெளியிட்டேன்.

பையன் காசு வாங்க மறுத்தான். "சேச்சிக்குத் தமிழ் அறியாமல்லோ" என்று வேர்ட்பிரஸ்ஸின் ஆங்கிலச் சொற்றொடர்கள் அடங்கிய ஒரு கோப்பை அனுப்பினான். அதைத் தமிழாக்கும் தன்னார்வலர்களுக்குக் கொஞ்ச நாள் கைகொடுத்தேன். 'நீக்கு' என்பதா, 'நீக்கவும்' என்பதா என்று இரண்டு நாள் யோசித்தேன். பொத்தானில் எழுதியிருப்பது நான் இயந்திரத்துக்கு இடும் கட்டளை. அங்கே 'நீக்கு' போதும். இயந்திரம் என்னிடம் கேட்கும்போதுதான் 'தேர்ந்தெடுக்கவும்' என்ற மரியாதை. யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று பார்க்காமல் படிக்காமலே 'ஓகே' அழுத்தியவள் நான். அதைத் தமிழாக்கும்போதுதான் கற்றுக்கொண்டேன்.

2013இல் சிறு திருத்தங்கள் தாமாகவே பதிவாகும் வசதி வந்தது. 2018 டிசம்பரில் எழுதும் பலகையையே கட்டம் கட்டமாக மாற்றினார்கள். ஒரு மாதம் திட்டிவிட்டுப் பழகிக்கொண்டேன். நண்பர்கள் பலர் ஃபேஸ்புக்குக்குப் போய்விட்டார்கள். அங்கே வாடகை இல்லை, ஓடு பெயராது. ஆனால் வீடு நம்முடையது இல்லை. நான் இங்கேயே இருக்கிறேன். மாதத்தின் முதல் ஞாயிறு தரவுத்தளத்தை நகலெடுக்கிறேன். ஒரு பிரதி அரிசி டப்பாவுக்குள் பென் டிரைவில், ஒரு பிரதி வேறொரு சர்வரில், ஒன்று டொரன்டோவில். எடுத்ததும் கோப்பைத் திறந்து தமிழ் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் மூடுகிறேன்.

போன வருஷம் பெரியவரின் பேத்தி போன் செய்தாள். கல்லூரியில் படிக்கிறாள். தமிழ் எழுத்தைத் தானாகவே கற்றுக்கொண்டு ஏழு பகுதிகளையும் போனில் படித்திருக்கிறாள்.

"ஆன்ட்டி, ஏழாவதுல கடைசிப் பத்தியில முழுக்க கேள்விக்குறியா ஒரு வரி இருக்கே, அது தாத்தா எப்பவும் சொல்றதா இருக்கும். 'முறுக்கு சரியா இருந்தா கிளிப்பு எதுக்கு?' எண்ணிப் பாருங்க."

எண்ணிப் பார்த்தேன். முதல் நான்கு சொல்லும் பொருந்தின. கடைசிச் சொல்லில் மட்டும் ஒரு கேள்விக்குறி மிஞ்சியது. அவர் வேறு மாதிரி முடித்திருக்க வேண்டும். வரியை எழுதிவிட்டு, அந்த ஒன்றை அப்படியே விட்டேன்.