சங்கிலிக்கு எண்ணெய் இடும் நாள்

வெள்ளிக்கிழமை எங்கள் மத்ரஸாவுக்கு விடுமுறை. பஜ்ர் தொழுகையை முடித்து வீடு திரும்பியதும் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சங்கிலியைத் துடைப்பது என் நெடுநாள் வழக்கம். கடலோர ஊர் என்பதால் காற்றில் உப்பு அதிகம். மழைக்காலத்தில் ஒரு வாரம் கவனியாது விட்டால் சங்கிலி செம்பழுப்பு நிறமாகிவிடும்.

சென்ற மாதம் ஒரு வெள்ளியன்று, முன்பு என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் தம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். இப்போது வெளியூரில் பொறியியல் படிக்கிறார். "ஹஸ்ரத், அழுத்தி மிதித்தால் செயின் பல் தாண்டுகிறது. எண்ணெயும் நிறைய விட்டுப் பார்த்தேன்" என்றார்.

நிறைய விட்டதுதான் குறை. சங்கிலிக்கு எண்ணெய் தேவைப்படுவது வெளியில் அன்று, ஒவ்வொரு கண்ணியின் உள்ளே ஆணி உராயும் இடத்தில். வெளியே வழியும் எண்ணெய் தெருப்புழுதியை இழுத்துப் பசையாக்கிக்கொள்ளும். அந்தப் பசை அரைக்கும் கல்லைப்போல் இரும்பைத் தின்னும். ஆகவே முதலில் பழைய துணியால் துடைத்து, மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாக உலரவிட வேண்டும். பிறகு கண்ணிக்கு ஒரு துளி வீதம் விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுழற்றிச் சிறிது நேரம் பொறுத்து, வெளியில் இருப்பதை எல்லாம் துடைத்து எடுத்துவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் விடுவோரும் உண்டு. அது நாளடைவில் பிசுபிசுத்துப் போகும், வேண்டாம்.

உள்ளங்களும் இரும்பைப்போல் துருப்பிடிக்கும் என்ற கருத்தில் ஓர் அறிவிப்பை இந்த இடத்தில் சொல்வது நம் மேடைகளில் வழக்கம். பைஹகீயில் வரும் அதன் அறிவிப்பாளர் சங்கிலி பலவீனமானது என்பதால் நான் சொல்வதில்லை. குர்ஆனை மனனம் செய்தவரைக் கட்டிவைத்த ஒட்டகத்தின் உரிமையாளருக்கு ஒப்பிடும் நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. கவனித்து வந்தால் ஒட்டகம் இருக்கும், விட்டால் போய்விடும் என்பது அதன் கருத்து. சங்கிலி துடைக்கும்போது எனக்கு நினைவுக்கு வருவது அதுதான்.

சங்கிலியை மண்ணெண்ணெயில் ஊறவைத்துவிட்டுத் திண்ணையில் அமர்ந்தோம். பேச்சு யாசீன் பே பக்கம் திரும்பியது. அமெரிக்காவின் புரூக்ளினைச் சேர்ந்த ராப் பாடகர். முன்பு மோஸ் டெஃப் என்ற பெயரில் பாடியவர், முஸ்லிம். அந்தப் பெயரை நான் மறக்கக் காரணம் இல்லை. நான்கு ஆண்டுகளுக்குமுன் இதே மாணவர் மத்ரஸாத் தாழ்வாரத்தில் காதில் இயர்போனுடன் இருந்ததைக் கண்டு, பிற பிள்ளைகளின் முன்னிலையில் கடிந்துகொண்டேன். "ஹஸ்ரத், இது பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் தொடங்குகிறது" என்றார். முடிக்க விடாமல் அதட்டினேன். பின்னர் இரண்டு வாரம் அவர் வகுப்புக்கு வரவில்லை.

இசைக்கருவிகள் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இப்னு ஹஸ்ம் அனுமதித்தார், நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்கள் தடுத்தனர். நான் பெரும்பான்மையின் பக்கம் நிற்பவன், இன்றும் அப்படியே. ஆனால் ஒரு பிள்ளையின் வாயை அடைப்பதற்கு அதில் ஆதாரம் இல்லை. அன்று கேட்காததை இப்போது கேட்டேன்: "அந்தப் பாடகரை இன்னும் கேட்கிறாயா தம்பி?"

அவர் முகம் வாடியது. 1999இல் வந்த முதல் தனித் தொகுப்பு உண்மையாகவே பிஸ்மில்லாஹ்வுடன்தான் தொடங்குகிறதாம். தண்ணீர்ப் பஞ்சம் பற்றி, நிறவெறி பற்றி, ஒரு சொல்லும் வீணாகாமல் அடுக்கிச் செல்வாராம். அந்த ஆர்வத்தில் 2004இல் வந்த அடுத்த தொகுப்பைக் கேட்டிருக்கிறார். ராக் இசைக்குழு ஒன்றைச் சேர்த்துக்கொண்டு, கிட்டார் இரைச்சலின் நடுவே பல இடங்களில் சொல்லடுக்கை விட்டு ராகம் இழுக்கிறார் என்று குறைப்பட்டார். ராக் இசையைத் தொடங்கியவர்கள் கறுப்பினத்தவரே என்று முதல் தொகுப்பிலேயே ஒரு பாட்டு வாதாடுகிறது, அதன் இறுதியே முரட்டு ராக் இசையாக மாறுகிறது என்பதையும் அவரே சொன்னார். திடீரென்று மாறியவர் அல்லர் என்பது அவருக்குத் தெரிந்தே இருக்கிறது. 2009இல் மீண்டும் நல்லதொரு தொகுப்பு வந்ததாம், மால்கம் எக்ஸின் ஆக்ஸ்போர்டு உரையின் ஒலிப்பதிவுடன் தொடங்குகிறதாம். இருந்தும் அந்த நடுத் தொகுப்பை மன்னிக்க மனம் வரவில்லை.

"அவர் மாறினது குற்றம் இல்லை ஹஸ்ரத். அவருக்கு எது நன்றாக வருமோ அதையே விட்டுவிட்டார்" என்றார். சற்றுத் தயங்கி, தரையைப் பார்த்தபடி, "நீங்களும் இப்போது கதை சொல்வது இல்லையாமே. தம்பி சொன்னான்" என்றார்.

அவருடைய தம்பி இப்போது என் வகுப்பில் ஓதுகிறான். முன்பெல்லாம் மஃரிபுக்குப் பின் நடக்கும் வகுப்பில் கடைசிக் கால்மணி நேரம் நூலை மூடிவிட்டு, பிலால் (ரலி) அவர்களைச் சுடுமணலில் கிடத்திய நாளையோ, ஹிஜ்ரத் பயணத்தையோ சொல்வேன். ஆண்டுத் தேர்வும் தஜ்வீத் போட்டிகளும் வந்தபின், நேரம் போதவில்லை என்று அதை நிறுத்தினேன். எந்த மாதம் நிறுத்தினேன் என்பதுகூட நினைவில் இல்லை. யாரும் கேட்கவில்லை என்று எண்ணியிருந்தேன்.

பதில் சொல்லாமல் சங்கிலியை எடுத்து உலர்த்தி, தரையில் நீட்டி, அளவுகோலை வைத்தேன். புதிய சங்கிலியில் ஆணிக்கு ஆணி அரை அங்குலம், ஆக 24 இடைவெளிக்குச் சரியாக 12 அங்குலம். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடினால் சங்கிலியை மாற்றிவிட வேண்டும். இவருடையதில் எட்டில் ஒரு பங்கு கூடியிருந்தது. இரும்பு நீள்வதில்லை, ஒவ்வோர் ஆணியும் சிறிது சிறிதாகத் தேய்ந்த கணக்கு அது. பார்வைக்குச் சங்கிலி நன்றாகத்தான் இருந்தது. "செயினை மட்டும் மாற்றினால் போதாதா?" என்று கேட்டார். போதாது. தேய்ந்த சங்கிலியோடு ஓடிய பல்சக்கரமும் அதற்கேற்பத் தேய்ந்திருக்கும். புதிய சங்கிலி அதில் பொருந்தாமல் மறுபடியும் தாண்டும். ஜும்ஆ முடிந்தபின் இருவரும் கடைக்குச் சென்று இரண்டையும் வாங்கினோம். தாழ்வாரத்தில் அன்று அதட்டியது தவறு என்று போகும் வழியில் சொன்னேன். "விடுங்கள் ஹஸ்ரத்" என்றார்.

சனிக்கிழமை வகுப்பில் கால்மணி நேரம் இருக்கையில் நூலை மூடச் சொன்னேன். தவ்ர் குகையில் நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் தங்கிய நாட்களைத் தொடங்கினேன். உணவு அனுப்பிய அஸ்மா (ரலி), மக்காவின் செய்தியைக் கொண்டுவந்த அப்துல்லாஹ் இப்னு அபீபக்ர் (ரலி), ஆடுகளை ஓட்டிவந்து காலடித் தடங்களை அழித்த ஆமிர் இப்னு ஃபுஹைரா (ரலி) வரை தடையின்றி வந்தேன். பாலைவனத்தில் வழிகாட்டியாக அமர்த்தப்பட்டவரின் பெயர் மட்டும் நாவுக்கு வரவில்லை. முன்பு உறக்கத்தில் கேட்டாலும் சொல்லியிருப்பேன்.

முன்வரிசையில் இருந்த அந்தத் தம்பி, "இது பரீட்சையில் வருமா ஹஸ்ரத்?" என்றான்.

"வராது" என்றேன்.

"அப்படியென்றால் அவர் பெயர் என்ன?"

நாளை பார்த்துவந்து சொல்கிறேன் என்றேன். அன்றிரவே நூலை எடுத்துப் பார்த்தேன்: அப்துல்லாஹ் இப்னு உரைகித்.