திருவேட்டக்குடியில் பைசன் பேச்சு

காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி போகும் சாலையில் சில கிலோமீட்டர் வடக்கே போய்க் கிழக்கே திரும்பினால் திருவேட்டக்குடி. முதலில் வயல், பிறகு மணல், அதற்கப்புறம் கடல். சம்பந்தர் பாடிய சிவன் கோயிலும், புதுச்சேரி என்.ஐ.டி.யின் பெரிய வளாகமும் ஒரே ஊரில் இருக்கின்றன. அர்ச்சுனனைச் சோதிக்கச் சிவன் வேடனாக வந்த கதையைக் கோயிலில் சொல்கிறார்கள். ஊர்ப் பெயருக்கும் அந்த வேட்டைதான் காரணம் என்பார்கள்.

காரைக்கால் பகுதி 1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1954 நவம்பர் 1-ல் இந்தியாவோடு சேர்ந்தது. அந்தத் தொடர்பு இன்னும் அறுந்துவிடவில்லை. பிரான்சில் பிள்ளையோ மருமகனோ இருக்கும் வீடுகள் சுற்று வட்டாரத்தில் நிறைய உண்டு. அங்கே பள்ளி விடுமுறை விடும் ஆடி, ஆவணி மாதங்களில் அந்த வீடுகள் நிரம்பிவிடும். மூட்டை முடிச்சோடு புதுப்புதுக் கதைகளும் வந்து இறங்கும்.

அப்படி இறங்கிய கதைதான் பைசன் கறி. பாரிசில் வேலை பார்க்கும் பையன் ஒருவன், வலை சரிபார்க்கும் கொட்டகையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தான். ஓட்டலில் தடிமனான துண்டாக வாட்டிக் கொடுத்தார்களாம். வெட்டினால் உள்ளே ரோஜா நிறம், மாட்டுக்கறி மாதிரிதான், ஆனால் வாயில் கொழுப்பு ஒட்டவில்லை, கடைசியில் லேசான இனிப்பு. ஆசைப்பட்டு இன்னொரு நாள் கடையில் வாங்கிவந்து, வீட்டில் குக்கரில் குழம்பு வைத்தால் கறி நார்நாராகப் போய்விட்டதாம்.

"ஏன்டா தம்பி, கொடைக்கானல் ரோட்டுல வந்து நிக்குமே, அந்தக் காட்டெருமைதானே நீ தின்னது?" என்று கேட்டார் சித்தப்பா.

"இல்ல சித்தப்பா, இது அமெரிக்காவுல பண்ணையில வளக்குறது."

"அப்போ நம்ம ஊரு எருமையா?"

பையனுக்குப் பதில் தெரியவில்லை. கேள்வி என்னவோ சரியான கேள்விதான். பைசன், காட்டெருமை, வீட்டு எருமை, மாடு என்று நான்கையும் போட்டுக் குழப்பிக்கொள்வது நம்மிடம் சாதாரணம். அதில் ஒரு குழப்பம் சிறை வரை கொண்டுபோய் விடும் என்பதால் அதை முதலில் பார்த்துவிடலாம்.

கொடைக்கானல், நீலகிரி, வால்பாறைப் பக்கம் நாம் பார்ப்பது காட்டுமாடு. வெள்ளைக்காரர்கள் அதற்கு 'இந்தியன் பைசன்' என்று பெயர் வைத்துவிட்டுப் போனார்கள், நாம் காட்டெருமை என்கிறோம். இரண்டுமே பொருந்தாத பெயர்கள். அது எருமையும் இல்லை, பைசனும் இல்லை. நம் வீட்டு மாட்டின் காட்டு உறவு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு. அதை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. கறியை வைத்திருப்பதும் குற்றம்தான். மலைக்குச் சுற்றுலா போன இடத்தில் யாராவது காதோரம் வந்து "காட்டெருமைக் கறி இருக்கு" என்றால், நடையைக் கட்டுங்கள்.

அமெரிக்கப் பைசனின் கதை வேறு. ஒரு காலத்தில் 3 கோடிக்கு மேல் திரிந்த விலங்கு, துப்பாக்கிக்கும் தோல் வியாபாரத்துக்கும் பலியாகி, 1880-களின் இறுதியில் ஆயிரத்துக்கும் கீழே வந்தது. மிஞ்சியவற்றைக் காப்பாற்றிப் பெருக்கியதில் தனியார் பண்ணையாளர்களுக்கும் பங்குண்டு. 2017 கணக்கெடுப்பின்படி அமெரிக்கப் பண்ணைகளில் மட்டும் 1.8 லட்சத்துக்கு மேல் இருந்தன. பாரிஸ் தட்டுக்கு வருவதும் இப்படிப் பண்ணையில் வளர்ந்த பைசன்தான். உறவு முறையில் இது எருமையைவிட மாட்டுக்கு நெருக்கம். மாட்டோடு இணைந்து கலப்புக் கன்று ஈனும். நம் எருமையோ மாட்டோடு சேர்ந்து கன்று ஈனாது. அதற்குக் குரோமோசோம் 50, மாட்டுக்கும் பைசனுக்கும் 60.

இனி கறிக்கு வருவோம். அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணைப்படி, கொழுப்பு நீக்கிய 100 கிராம் பச்சைப் பைசன் கறியில் புரதம் 21 கிராமுக்கு மேல், கொழுப்பு 2 கிராமுக்கும் குறைவு. கொழுத்த மாட்டின் கறியில் கொழுப்பு 15 கிராமைத் தாண்டும். இதை வைத்துத்தான் பைசன் உடம்புக்கு நல்லது என்று விளம்பரம் செய்கிறார்கள். அதே அட்டவணையைக் கொஞ்சம் கீழே படித்தால், அரைத்து விற்கும் பைசன் கறியிலும் 15 கிராம் அளவுக்குக் கொழுப்பு காட்டியிருக்கும். அரைக்கும்போது கொழுப்பையும் சேர்த்து அரைப்பதுதான் காரணம். பெயரைப் பார்த்து வாங்குகிறவர் ஏமாறுகிற இடம் இது. பைசன் என்றாலே புல் மட்டும் தின்றது என்றும் நினைக்க வேண்டாம். கடைசி மூன்று நான்கு மாதம் தானியம் கொடுத்துத் தேற்றும் பண்ணைகள் பல.

குக்கரில் ஏன் நாராகப் போனது? மேல்நாட்டு மாட்டுக்கறியில் தசை இழைகளுக்கு நடுவே வெள்ளைக் கோடு கோடாகக் கொழுப்பு ஓடும். சூடு ஏறும்போது அது உருகி, கறியைக் காய விடாமல் பார்த்துக்கொள்ளும். பைசனில் அந்தக் கோடுகள் மிகக் குறைவு. அதனால் சூடு சட்டென்று ஏறி, தசை சுருங்கி, உள்ளிருக்கும் நீர் வெளியேறிவிடும். முதுகுப் பக்கத்துக் கறி என்றால் குறைந்த நேரத்தில் வாட்டி எடுத்துவிட வேண்டும். அதைக் கொண்டுபோய் நான்கு விசில் விட்டால் வேறெப்படி இருக்கும்? தோள், கால் பக்கத்துக் கறியில் சவ்வு அதிகம். அதுதான் சிறுதீயில் நீண்ட நேரம் கொதிக்கும் குழம்புக்கு ஏற்றது. பையன் வாங்கிய துண்டு எந்தப் பக்கத்துக் கறி என்று கடைக்காரரைக் கேட்டிருந்தால் காசு வீணாகியிருக்காது.

அங்கே கறி மிருதுவாக இருப்பதற்கு இனத்தைவிட வேறு இரண்டு காரணங்கள் பெரியவை. ஒன்று வயது. பைசனைப் பெரும்பாலும் இரண்டு, இரண்டரை வயதில் அறுக்கிறார்கள். இன்னொன்று, அறுத்த உடலைக் குளிர் அறையில் பல நாள் தொங்கவிட்டுப் பக்குவப்படுத்துகிறார்கள். நம் பக்கம் காலையில் அறுத்தது மதியம் குழம்பில் கிடக்கும். அதுவும் பெரும்பாலும் உழைத்து ஓய்ந்த காளையாகவோ, கறவை வற்றிய எருமையாகவோ இருக்கும். பசுவை அறுப்பதைத் தடுக்கும் சட்டம் புதுச்சேரிப் பகுதியில் 1968-லிருந்து இருக்கிறது, காரைக்காலுக்கும் அதுதான். வயதான மாட்டின் சவ்வு எளிதில் கரையாது. பப்பாளிக்காய்த் துண்டு போட்டு வேகவைக்கும் நம் வீட்டுப் பழக்கம் இதற்காகத்தான். அந்தப் பாலில் இருக்கும் பாப்பைன் புரதத்தைச் சிதைக்கும். வேக வைப்பதில் மட்டும் பாரிசைப் பின்பற்ற வேண்டாம். உள்ளே ரோஜா நிறம் என்பது குளிர்சாதன ஒழுங்கும் மருத்துவப் பரிசோதனையும் உள்ள இடத்தில் சரி. இங்கே நாடாப்புழுவின் இளம்புழுப்பை இருக்கும் கறி வந்துவிடக்கூடும், நன்றாக வெந்தே ஆகவேண்டும்.

மாட்டிறைச்சி சாப்பிடுவதும் சாப்பிடாததும் அவரவர் வீட்டு வழக்கம். சாப்பிடுகிறவர்களுக்குக் கடையில் இருப்பது மாடா எருமையா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பசு நெய் மஞ்சள், எருமை நெய் வெள்ளை என்பது நம் பெண்களுக்குத் தெரியும். பச்சைத் தீவனத்தில் உள்ள கரோட்டினை எருமை முழுக்க வைட்டமின் 'ஏ'வாக மாற்றிவிடும். மாடு அதில் கொஞ்சத்தைக் கொழுப்பிலேயே விட்டுவைக்கும். கறிக் கொழுப்பிலும் அதே கணக்குதான். எருமைக்கு வெள்ளைவெளேரென்ற கொழுப்பும் கருஞ்சிவப்புத் தசையும், மாட்டுக்கு மஞ்சள் ஓடிய கொழுப்பு.

சித்தப்பாவின் இரண்டாவது கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. இனத்தில் எருமை பைசனுக்குத் தூரம், தட்டில் மிக நெருக்கம். அதே அமெரிக்க அட்டவணையில் எருமைக் கறிக்குப் புரதம் 20 கிராம், கொழுப்பு 1.4 கிராம். பைசனைவிடக் கொழுப்பு குறைவு! இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாகும் மாட்டினக் கறி எருமைக் கறி மட்டுமே, மற்றவற்றுக்கு அனுமதி இல்லை.

பைசனையே கொண்டுவந்து வளர்க்கலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது பனிக்குப் பழகிய, இன்னும் முழுசாகப் பழகாத விலங்கு. ஆள் உயரத்துக்கு மேல் வேலி கேட்கும். செம்மறி ஆட்டுக்கு எந்தத் தொல்லையும் தராமல் அதன் உடலில் இருக்கும் ஒரு வைரஸ், பைசனுக்குத் தொற்றினால் கொன்றுவிடும். ஆடு மேயும் டெல்டாவில் அந்த ஆசை வேண்டாம்.

நம்மிடம் இருந்த எருமையைத்தான் நாம் விட்டுக்கொண்டிருக்கிறோம். தமிழ்நாட்டில் 2012-ல் சுமார் 7.8 லட்சம் எருமைகள் இருந்தன. 2019 கணக்கெடுப்பில் சுமார் 5.2 லட்சம். பால் கறக்கும் எருமைக்கே இந்தக் கதி என்றால் கடாக்கன்றைக் கேட்கவே வேண்டாம். பால் செலவு என்று சொல்லி ஒரு மாதத்துக்குள் பட்டினியில் சாகவிடுகிறார்கள், அல்லது வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். ஒன்றரை, இரண்டு வயது வரை நின்றால் அதன் கறி, கிழ எருமைக் கறியோடு ஒப்பிடவே முடியாத அளவு மிருதுவாக இருக்கும். குறுவை, சம்பா வைக்கோல் இருக்கிறது. நெல்லுக்குப் பின் பருத்தி போடுகிற காரைக்காலில் பருத்திக்கொட்டையும் கிடைக்கும். தாங்க வேண்டியது முதல் மூன்று மாதம்தான். பிறந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் வயிறு நிறையக் குடிக்க வேண்டும். எருமைக் கன்றுக்குத் தாய்ப்பால் வழியாகவே உருண்டைப் புழு வந்துவிடும், அது கன்றைக் கொல்லவும் கூடும். 10 நாள் ஆனதும் கன்றைக் கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிப் போய், எடைக்கு ஏற்ற அளவில் குடற்புழு மருந்து கொடுத்துவிடுங்கள். அடுத்த வேளை எப்போது என்பதையும் அங்கேயே கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள்.