மதுரையில் இரண்டு நாள்... ரூம் எங்கே போடலாம்?

முதல்முறை அம்மாவை மதுரைக்கு அழைத்துப்போனபோது, வாடகை 400 ரூபாய் குறைவு என்று மாட்டுத்தாவணி பக்கம் ரூம் போட்டேன். அங்கிருந்து மீனாட்சியம்மன் கோயிலுக்கு ஐந்தாறு கிலோமீட்டர். மிச்சம் பிடித்தது ஆட்டோவுக்கே சரியாகப் போனது. அதுகூடப் பரவாயில்லை. மதியம் 12.30 மணி வாக்கில் நடை சாத்தினால், 4 மணிக்குத்தான் திறப்பார்கள். முழங்கால் வலியோடு அம்மா அதுவரை ஒரு கடை வாசலில் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் உறுத்தியது.

அடுத்தமுறை டவுன்ஹால் ரோடு. ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே ஆரம்பித்து, கோயில் பக்கம் போகிற தெரு. காலையில் தரிசனம், சாப்பாடு, ரூமில் ஒரு தூக்கம், சாயங்காலம் மறுபடியும் கோயில். உள்ளே செல்போனுக்கு அனுமதி இல்லை என்பதால், அதையும் ரூமிலேயே வைத்துவிட்டோம்.

ஆனால், இந்தப் பகுதியில் பழைய லாட்ஜ்கள் அதிகம். லிஃப்ட் இருக்கிறதா என்று போன் போட்டே கேளுங்கள். ஆப்பில் வரும் போட்டோவை நம்ப வேண்டாம். தெருவைப் பார்த்த ரூம் என்றால் ஹாரன் சத்தத்தில் தூக்கம் போகும், பின்பக்கம் கேட்டு வாங்குங்கள். விடியற்காலை ரயிலில் இறங்குபவர்கள், செக்-இன் 24 மணி நேரக் கணக்கா, மதியம் 12 மணிக்கா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. சித்திரைத் திருவிழா சமயம் என்றால், ரொம்ப முன்கூட்டியே புக் செய்தால்தான் கோயில் பக்கம் ரூம் கிடைக்கும்.