தெரிந்தே பார்க்காமல் விட்டேன்

நான் காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவன். தொண்டைப் புற்றுநோய்க்கு அறுவை செய்து காப்பாற்றிய ஒருவரை உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தேன். தெரியாமல் நடந்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

1953இல் ஸ்லாட்டரும் அவருடைய சகாக்களும் புற்றின் 'வயல்' பற்றி எழுதியதை முதுநிலைத் தேர்வில் நானும் பக்கம் பக்கமாக எழுதித் தேறியவன்தான். வாய் முதல் உணவுக்குழாய் வரை உள்ளே போர்த்தியிருப்பது ஒரே வகைத் தோல். பீடியும் பிராந்தியும் பட்ட அந்த நீளம் முழுவதும் ஒரே வயல். ஓரிடத்துக் களையைப் பிடுங்கிவிட்டால் வயல் சுத்தமாகிவிடாது. அடித்தொண்டையில் புற்று வந்த குடிப்பழக்கக்காரருக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். நான் பறிகொடுத்தவர் அப்படிப்பட்டவர்தான்.

அறுவை முடிந்து ரேடியேஷனும் முடிந்தது. ஒவ்வொரு முறை வரும்போதும் தொண்டைக்குள் ஸ்கோப் விட்டுப் பார்ப்பேன். சுத்தமாக இருக்கும். "நல்லா இருக்கீங்கண்ணே" என்று அனுப்பிவிடுவேன். பிறகொரு நாள், "சோறு எறங்க மாட்டேங்குது டாக்டர்" என்றார். கரண்ட் (ரேடியேஷன்) வைத்தவர்களுக்கு எச்சில் வற்றும், தசை இறுகும். அதனால்தான் என்று விளக்கி, தண்ணீர் சேர்த்துச் சாப்பிடச் சொன்னேன். பக்கத்தில் நின்ற அவர் மனைவி விடவில்லை. "கரண்ட் வச்சு முடிச்சப்பறம் இட்லி நல்லாத்தான் சாப்பிட்டாரு சார். இப்பதான் அதையும் மோர்ல கரைச்சுக் குடிக்கிறாரு" என்றார். நோயைச் சந்தேகிக்கத் தேவையான தகவல் அந்த ஒரு வாக்கியத்தில் முழுசாக இருந்தது. ரேடியேஷன் முடிந்த பிறகும் இறங்கிய இட்லி இப்போது ஏன் இறங்கவில்லை? நான் அதைக் கேட்கவே இல்லை. சத்துமாவு எழுதிக் கொடுத்தேன்.

கடைசியில் எண்டோஸ்கோபிக்கு அனுப்பியபோது, உணவுக்குழாயின் நடுவில் ஸ்கோப் கீழே போகவே இல்லை. கட்டி அடைத்திருந்தது.

முதலிலேயே அனுப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். லுகால் அயோடினைத் தெளித்துப் பார்த்தால், நல்ல பகுதி கரும்பழுப்பாகிவிடும். கெட்ட பகுதி நிறம் ஏறாமல் வெளிறி நிற்கும். நெஞ்சு கொஞ்ச நேரம் எரியும், அவ்வளவுதான். அயோடின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் குறுகிய அலைவரிசை ஒளி இருக்கிறது. 2010இல் ஜப்பானில் மூட்டோ குழுவினர் வெளியிட்ட ஆய்வில், உணவுக்குழாயின் மேலோட்டமான புற்றுகளில் சாதாரண வெள்ளை ஒளிக்குச் சிக்கியவை 55 சதவீதம். இந்த ஒளிக்குச் சிக்கியவை 97 சதவீதம். அந்தக் கட்டத்தில் பல புற்றுகளை நெஞ்சைத் திறக்காமல் எண்டோஸ்கோப் வழியாகவே சீவி எடுத்துவிடலாம்.

பிறகு ஏன் அனுப்பவில்லை? எண்டோஸ்கோபி வேறு துறை, அங்கே கூட்டம், நோயாளிக்கு அலைச்சல் என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அதெல்லாம் சாக்கு. அவர் என் வெற்றி. அவருடைய அறுவைப் படங்களைக் கூட்டங்களில் காட்டிப் பாராட்டு வாங்கியிருக்கிறேன். அவருக்குள் இன்னொரு புற்று இருப்பதை நான் விரும்பவில்லை, அதனால் தேடவில்லை.

இப்போது தொண்டைப் புற்று என்று உறுதியானதுமே, சிகிச்சைக்கு முன்பே எண்டோஸ்கோபி எழுதுகிறேன். அயோடினோ குறுகிய அலைவரிசை ஒளியோ கட்டாயம் என்று சீட்டிலேயே குறிப்பிடுகிறேன். இரண்டாவது புற்று சில வருடம் கழித்தும் முளைக்கும் என்பதால், நன்றாக இருப்பவர்களையும் திரும்ப அனுப்புகிறேன்.

அவர் மனைவியிடம் "நோய் முத்திப்போச்சும்மா" என்று மட்டும்தான் அன்று சொன்னேன். அவர் சொன்னதைக் காதில் வாங்காமல் விட்டது நான் என்று சொல்லவில்லை. அதை அவரிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும்.